மெல்லிய கணினியும் பெரிய திரையும்

விஞ்ஞானம் நமக்களித்த வசதிகளுள், கையிலே எடுத்துச் செல்லக்கூடிய மடிக்கணினி இன்று பல குடும்பங்களில் ஓர் அங்கத்தவரைப் போலவே இடம்பெற்றுவிட்டது. அப்பியாசக் கொப்பிகளுக்கு நடுவே அது பையினுள் செருகப்பட்டுச் செல்வதை நாள்தோறும் காண்கின்றோம். ஆயினும், சுமப்பதற்கு இலேசான பொருள் பார்ப்பதற்கும் இலேசாக இருக்குமென்பதில்லை. பதின்மூன்று அங்குலத் திரையிலே காலை முதல் மாலை வரை கண்ணைப் பதித்திருப்பவர்கள், வீட்டிலிருக்கும்போதாவது அதனைப் பெரியதொரு திரையுடன் இணைத்துக்கொள்ள விரும்புவது இயல்பே. துவாரம் இருக்கிறது, கேபிள் இருக்கிறது, செருகினால் படம் வருகிறது. இதிலே கற்றுக்கொள்ள என்ன உண்டு என்று நாமும் எண்ணியிருந்தோம். படம் வருவது வேறு, செம்மையான படம் வருவது வேறு என்பதை வெள்ளவத்தையில் எமது தமையனார் வீட்டிலேதான் கண்டறிந்தோம்.

தமையனாரின் மகள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே கட்டடக் கலை பயிலும் இறுதி வருட மாணவி. கட்டடப் படங்களைச் சிறிய திரையில் கீறுவது பெரும் பாடாக இருக்கவே, தகப்பனார் தாம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் 27 அங்குல ‘4கே’ மொனிட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். அவளுடைய மடிக்கணினியோ ஒன்றேகால் கிலோகிராம் எடையுள்ளது. அதன் பக்கத்தில் இரண்டு சிறிய நீள்வட்டத் துவாரங்களைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஆகவே, கடைக்காரரின் ஆலோசனைப்படி ஒரு ‘ஹப்’பும் வாங்கப்பட்டது. ஒரு முனையைக் கணினியிலே செருகினால், மறுமுனையில் மவுஸுக்கும், தகவற் பெட்டிக்கும், மொனிட்டருக்கும் தனித்தனியே வாய்கள் திறந்திருக்கும் சிறு பெட்டி அது.

நாம் சென்ற வேளையில் வீட்டிலே ஒருவித மௌனம் நிலவியது.

“எழுத்தெல்லாம் கல்லிலே வெட்டின மாதிரி இருக்குது, சித்தப்பா. ஆனால் அம்புக்குறி விக்கி விக்கித்தான் வருகுது. ஒரு கோடு ஒழுங்காகக் கீற முடியேல்லை,” என்றாள் அவள். படங்களைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளோ அண்மித்துவிட்டது.

“கணினி பழசாம், அதையும் மாத்தினால்தான் சரிவருமாம். கடையிலே அப்பிடிச் சொல்லுறாங்கள்,” என்று தமையனார் தலையைத் தடவிக்கொண்டார். சீட்டுக்காசு முழுவதும் மொனிட்டரோடு போய்விட்டது. இனி ஒரு கணினியும் வாங்குவதென்றால் கடன்தான்.

கணினியின் திரை அமைப்புப் பகுதியைத் திறந்து பார்த்தோம். நோயின் பெயர் அங்கேயே எழுதப்பட்டிருந்தது: 30 ஹெர்ட்ஸ்.

கோடிக் கணக்கு

‘4கே’ என்று வழங்கும் திரையிலே குறுக்கே 3,840 புள்ளிகளும் நெடுக்கே 2,160 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 82 இலட்சத்து 94 ஆயிரத்து 400 வரும். முன்பு சிறந்ததெனக் கருதப்பட்ட 1,920க்கு 1,080 திரையிலுள்ள புள்ளிகளைப் போல் இது சரியாக நான்கு மடங்கு. தமிழ் வாசிப்போர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியும், ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள சுழி வேறுபாடும் சிறிய எழுத்திலும் சிதையாமல் தெரிவது இத்தகைய திரையிலேதான். 27 அங்குல அளவில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 163 புள்ளிகள். அதே அளவுடைய பழைய திரையில் 82 மட்டுமே.

ஆனால் இப்புள்ளிகள் ஒவ்வொன்றின் நிறத்தையும் கணினி சொல்லிக் கொடுத்தாக வேண்டும். ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்குமாக 24 ‘பிட்’. அசைவு இயல்பாகத் தோன்ற வேண்டுமாயின் செக்கனுக்கு 60 முறை முழுப் படத்தையும் புதிதாக அனுப்ப வேண்டும். கணக்கிட்டால், ஒரு செக்கனுக்கு 1,194 கோடி பிட். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளியையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,280 கோடி ஆகும். பென்சில் தடிப்புக்கூட இல்லாத கேபிளினூடாக இவ்வளவும் ஓடியாக வேண்டும்!

வழி ஒடுங்கினால் என்ன நேரும்? படம் வராமற் போவதில்லை. கணினியும் மொனிட்டரும் தம்முள் பேசி ஓர் இணக்கத்துக்கு வந்துவிடுகின்றன. செக்கனுக்கு 60 படங்களுக்குப் பதிலாக 30 படங்களே அனுப்பப்படும். பாரம் பாதியாகிவிடும். இந்த உடன்பாட்டைப் பற்றி வீட்டுக்காரருக்கு எவரும் அறிவிப்பதில்லை என்பதே சங்கடம்.

சினிமாப் படம் செக்கனுக்கு 24 சட்டங்களே கொண்டது. அதனை நாம் குறையின்றிப் பார்த்து இரசிக்கவில்லையா என்று கேட்கலாம். சினிமாவிலே அசையும் பொருள் ஒவ்வொரு சட்டத்திலும் சற்று மங்கலாகப் பதிவாகிறது. அந்த மங்கலே சட்டங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அன்றியும், திரையிலே ஓடும் குதிரையை நாம் ஓட்டுவதில்லை. மவுஸையோ நம் கைதான் ஓட்டுகிறது. கை நகர்ந்து 33 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவையே அம்பு இடம் மாறுமானால், கை அதனை உடனே உணர்ந்துவிடும். கண் ஏமாறினாலும் கை ஏமாறாது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளைப் போல இவை ஒவ்வொரு படத்துக்குமிடையே இருண்டு ஒளிர்வதில்லை. எனவே எழுத்தை வாசிக்கும்போது ஒரு குறையும் தோன்றாது. கோடு கீற முனையும்போதுதான் தொல்லை. கடையிலே அசையாத படம் ஒன்றைக் காட்டி விற்றுவிடுவதும் இதனாலேயே சாத்தியமாகிறது.

துவாரங்கள் மறைந்த கதை

2001ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 22 அங்குலத்துக்குச் சற்றே கூடிய ஒரு திரையை வெளியிட்டது. அதிலே 92 இலட்சத்து 16 ஆயிரம் புள்ளிகள் இருந்தன. இன்றைய ‘4கே’ திரையிலும் அதிகம். ஆனால் அதற்குத் தீனி போடுவதற்கு நான்கு இணைப்புகள் வரை வேண்டியிருந்தன. மேசைக்கடியிலே பெரிய யந்திரமொன்று இருந்ததால் அது முடிந்தது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு கடித உறையினுள்ளிருந்து மக்புக் எயர் கணினியை உருவி எடுத்துக் காட்டியபோது உலகம் வியந்தது. அதன் எடை 1.36 கிலோகிராம். அவ்வளவு மெல்லிய விளிம்பில் பழைய பெரிய துவாரங்களுக்கு இடமேது? அன்று தொடங்கிய ஒழிப்பு, 2015இல் வெளிவந்த 12 அங்குல மக்புக்கிலே உச்சத்தை அடைந்தது. 920 கிராம் எடையுள்ள அக்கணினியில், காதிற் பொருத்தும் கருவிக்குரிய துளையை விட்டால், ஒரே ஒரு யூ.எஸ்.பி. சி துவாரமே இருந்தது. மின்சாரம், படம், தகவல் யாவும் அதனூடாகவே. ‘4கே’ திரைக்கு அக்கணினி வழங்கியதும் 30 ஹெர்ட்ஸ்தான்.

யூ.எஸ்.பி. சி என்பது 2014இல் வகுக்கப்பட்ட துவாரத்தின் வடிவம் மாத்திரமே. அதனூடாக என்ன ஓடும் என்பதற்கு அது உத்தரவாதமன்று. சில கணினிகளில் அத்துவாரம் படம் அனுப்பும், சிலவற்றில் அனுப்பாது. கேபிளிலும் அவ்வாறே. கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற வரும் பல கேபிள்கள் முனையில் ஒரே வடிவமாயிருந்தும், உள்ளே விரைவான தந்திகள் இல்லாதவை. அதைச் செருகிவிட்டு, மொனிட்டர் பழுது என்று திருப்பிக் கொடுக்கச் செல்பவர்களும் உளர். துவாரத்தின் அருகே சிறு மின்னல் அடையாளம் இருந்தால் அது தண்டர்போல்ட் வகை. அங்கே படம் வரும் என்று நம்பலாம்.

படம் வரும் துவாரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதனுள் விரைவான பாதைகள் நான்கு. எமது பெறாமகளின் கணினியிலுள்ள டிஸ்பிளே போர்ட் முறை 1.2 வகையினது. அம்முறையில் நான்கு பாதைகளும் சேர்ந்து 1,728 கோடி பிட்டைச் சுமக்கும். நமக்கு வேண்டிய 1,280 கோடிக்கு இது தாராளம். ஆனால் அவள் வாங்கிய ஹப், தகவற் பெட்டிக்கு விரைவான வழி கொடுப்பதற்காக இரண்டு பாதைகளைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. காலி வீதியிலே நான்கு நிரைகளில் இரண்டை அடைத்துவிட்டாற்போல், படத்துக்கு எஞ்சுவது 864 கோடியே. தகவற் பெட்டியைச் செருகாமல் விட்டாலும் அடைத்தது அடைத்ததுதான். 60 படங்கள் அதிலே புகமாட்டா; 30 புகும். கணினியிலும் குற்றமில்லை, மொனிட்டரிலும் குற்றமில்லை. நடுவே நின்ற சிறு பெட்டியே வழியை மறித்தது.

2016இல் வகுக்கப்பட்ட டிஸ்பிளே போர்ட் 1.4 முறையைக் கணினியும் ஹப்பும் ஒருங்கே ஏற்குமாயின், இரண்டு பாதைகளிலேயே 1,296 கோடி செல்லும், மயிரிழையிலே தப்பிவிடலாம். எச்.டி.எம்.ஐ. வாயிலும் இவ்வாறே. 2009இல் வந்த 1.4 வகை கணக்கிலே 1,020 கோடி என்றாலும், எட்டுப் பிட்டைப் பத்தாக்கி அனுப்பும் முறை காரணமாக உண்மையிற் கிடைப்பது 816 கோடி. 2013இல் வந்த 2.0 வகையிலே 1,440 கோடி. பார்வைக்கு இரண்டு வாய்களும் இரட்டைப் பிள்ளைகளே.

ஹப்பின் அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து வரச் செய்தோம். ‘4கே’ என்பது கட்டைவிரல் அளவில் பொன்னிறத்தில் அச்சிடப்பட்டிருந்தது. பின்புறத்தில், கண்ணாடியை மூக்கிலே இறக்கிக்கொண்டு பார்த்தால் மாத்திரம் தெரியும் எழுத்தில், 30 ஹெர்ட்ஸ் என்ற விபரம் இருந்தது. பொய் சொல்லவில்லை, மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள்!

பரிகாரம்

ஒரு முனையில் யூ.எஸ்.பி. சியும் மறுமுனையில் டிஸ்பிளே போர்ட்டும் உள்ள தனிக் கேபிள் ஒன்றே தேவைப்பட்டது. ஹப்பின் விலையிலும் அது குறைவு. மறுநாள் வாங்கி வந்து, இரண்டு துவாரங்களில் ஒன்றிலே அதனைச் செருகினோம். நான்கு பாதைகளும் படத்துக்கே சென்றன. மற்றத் துவாரத்திலே ஹப்பைப் பொருத்தி, மின்சாரத்தையும் மவுஸையும் தகவற் பெட்டியையும் அதனிடம் ஒப்படைத்தோம். அதற்கும் வேலை இல்லாமற் போகவில்லை. பின்னர் திரை அமைப்பிலே 60 ஹெர்ட்ஸ் என்பதைத் தெரிவு செய்தாள். பெறாமகள் மவுஸை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒன்றும் பேசாமல் விட்ட இடத்திலிருந்து படத்தைக் கீறத் தொடங்கினாள்.

சில மொனிட்டர்களில், தகுந்த கேபிளைப் பொருத்திய பின்னரும், அவற்றின் சொந்தப் பட்டியலில் புதிய முறையை இயக்கிவிட்டாலன்றி 60 வருவதில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே மொனிட்டராகப் பயன்படுத்துவோர்க்கு வேறொரு தந்திரம் எதிர்ப்படலாம். குறுகிய வழியிலே 60 படங்களையும் புகுத்துவதற்காக, ஒளியின் அளவைப் புள்ளிதோறும் அனுப்பி, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாக அனுப்பும் முறை அது. திரைப்படத்தில் வேறுபாடு தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தை எழுதிப் பாருங்கள். மழையில் நனைந்த மையைப் போல ஓரங்கள் கரைந்திருக்கும்.

இரண்டு திரைகளை இணைக்க எண்ணுவோர் கணினி எத்தனை திரைகளை ஏற்கும் என்பதை முதலில் விசாரிப்பது நலம். துவாரங்கள் இரண்டு இருப்பதால் திரைகளும் இரண்டு என்று கொள்ளலாகாது. 2020இன் எம்1, 2022இன் எம்2 சில்லுகளைக் கொண்ட மக்புக் எயர் கணினிகள் வெளியே ஒரு திரையையே இயக்கும். 2024இன் எம்3, தன் மூடியை மூடிக்கொண்டால் இரண்டை இயக்கும். 2025இன் எம்4 மூடி திறந்திருக்கும்போதே இரண்டை இயக்குகிறது.

எழுத்தின் பருமனைப் பற்றி அவ்வீட்டிலே இன்னும் ஒருமைப்பாடு ஏற்படவில்லை. திரையை நூறு வீதத்தில் வைத்தால் எழுத்து எறும்பளவாகிவிடும். 150 வீதமே 27 அங்குலத்துக்குப் பொருந்தும் என்பது எமது அபிப்பிராயம். பெறாமகள் படம் கீறும்போது நூறு வீதம் என்கிறாள். அவள் உறங்கிய பின் அதே திரையிலே பத்திரிகை வாசிக்கும் தமையனார் இருநூறுக்கு மாற்றிவிடுகிறார். காலையில் எழுந்ததும் அவள், “அப்பா, திரும்பவும் மாத்திப்போட்டியளோ?” என்று கேட்பது பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறதாம்.