தாய்லாந்தின் புளிக்காரச் சாறு

தாய்லாந்து மக்கள் 'தொம் யம் குங்' என வழங்கும் இறால் சாற்றை, 2024-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 'தொம்' என்பது கொதிக்கவைத்தல். 'குங்' என்பது இறால். நம் ரசத்துக்கு உறவு போலத் தோன்றும் இச்சாற்றைப் பீன்யாவில் நம் வீட்டு அடுப்பிலேயே வைத்துப் பார்த்தோம். முதல் முறை, புளி ரசம் வைத்த பழக்கத்தால் எலுமிச்சஞ்சாற்றையும் சேர்த்தே கொதிக்கவிட்டோம். சாறு கசந்தது, கடலில்லா ஊரில் விலை கொடுத்து வாங்கிய கால் கிலோ இறால் வீணாயிற்று. புளிக்குப் பச்சை வாடை போகக் கொதி வேண்டும்; எலுமிச்சைக்கோ கொதியே பகை. எலுமிச்சை ரசம் வைக்கும் நேயர்கள் இதனை நன்கறிவர்.

இறாலின் தலையையும் ஓட்டையும் 4 குவளை நீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து வடித்துக்கொள்க. அந்நீரில், நசுக்கிய எலுமிச்சைப்புல் 2 தண்டு, பேரரத்தை நாலைந்து வில்லை, கிழித்த நாரத்தை இலை ஆகியவற்றை இட்டு 5 நிமிடம் கொதிக்கவிடுக. தாய்லாந்தில் இடுவது வேறோர் எலுமிச்சை இனத்தின் இலை. வேப்பிலைக்கட்டிக்கு நாம் இடிக்கும் நாரத்தை இலை அதற்கு ஓரளவு ஈடாகும். பேரரத்தைக்கு இஞ்சி ஈடாகாது. பசிய கிழங்கு அகப்படாவிடின், நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்தது கிடைக்கும். அதனைச் சிறிது நேரம் ஊறவைத்து இடுக.

பின்னர்க் காளான், உப்பு, இறுதியில் இறால். அந்நாட்டார் உப்புக்குப் பதிலாக, மீனை உப்பிட்டு ஊறவைத்து வடித்த நீரை ஊற்றுவர். இறால் சிவந்து சுருண்டதும், ஏறக்குறைய 2 நிமிடத்தில், அடுப்பை அணைத்துவிடுக. அதன் பிறகே நசுக்கிய மிளகாயும் 3 மேசைக்கரண்டி எலுமிச்சஞ்சாறும் சேர்த்தல் வேண்டும். புல்லும் அரத்தையும் மணத்துக்கே, மெல்லுவதற்கல்ல. குழந்தைகளிடம் இதை முன்னரே சொல்லிவிடுவது நலம்.