மாமாவோட சின்ன டிராக்டருக்கு என்ன விலை?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் கோபிச்செட்டிபாளையத்துல இருந்து மாமா போன் பண்ணாரு. "ஏங்கண்ணு, நீ கம்ப்யூட்டர்ல எல்லாம் பாப்பியே, நம்ம சின்ன வண்டி என்ன விலைக்குப் போகும்னு பாத்துச் சொல்லு."

சின்ன வண்டின்னா 24 ஹெச்.பி. மினி டிராக்டர், நாலு சக்கரமும் இழுக்கும். வாழைக்கும் கரும்புக்கும் வரிசை நடுவுல போய் ரோட்டவேட்டர் ஓட்டுறதுக்காக 2018ல வாங்கினது. இப்ப அதைக் கொடுத்துட்டுப் புதுசு எடுக்கணும். டீலர் எக்ஸ்சேஞ்சுல 2,75,000 தர்றேன்னு சொல்லியிருக்கார். புரோக்கர் 2,50,000. மாமாவோட மச்சான், 3,50,000-க்குக் குறைஞ்சா சாவியையே குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மூணு பேருக்கும் நடுவுல ஒரு லட்சம் வித்தியாசம். புது வண்டிக்கு எவ்வளவு கடன் எடுக்கணும்ங்கிறதே இதுலதான் இருக்கு.

நான் என்ன பண்ணுவேன்? எஞ்சினியர் புத்தி. ஆன்லைன்ல அதே மாடல், அதே வருஷம், அறுபது எழுபது விளம்பரத்தை எடுத்து, ஓடின மணி நேரத்தை ஒரு பக்கம், விலையை ஒரு பக்கம் போட்டு, அழகா ஒரு கோடு வரைஞ்சேன். 3,20,000-னு வந்துச்சு. பெருமையா மாமாகிட்ட காட்டினா, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதெல்லாம் வித்த விலையா கண்ணு, கேக்குற விலையா?"

முடிஞ்சுது. என் மொத்த டேட்டாவும் கேக்குற விலை. அதுலயும் சரியான விலை போட்ட வண்டி சீக்கிரம் வித்துப் போய், விளம்பரத்தை எடுத்திருப்பாங்க. விக்காம மாசக்கணக்கா நிக்கிறதுதான் நம்ம கண்ணுல அதிகமா படும். அப்போ என் கோடே மேல தூக்கித்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், அந்த விளம்பரங்கள்ல பாதி ரொம்பப் பழசு. 2025 செப்டம்பர் 22ல டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்துல இருந்து 5 சதவீதமா குறைஞ்சது. வரிக்கு முன்னாடி 5,50,000 விலைன்னு வெச்சுக்கோங்க. 12 சதவீதத்துல 6,16,000. 5 சதவீதத்துல 5,77,500. புதுசே 38,500 ரூபாய் இறங்கும்போது, பழசை யாரு பழைய விலைக்கு வாங்குவா? ரெண்டு வருஷ வண்டி வெச்சிருந்தவருக்கு அடி பலமா விழும். எட்டு வருஷ வண்டிக்குக் கொஞ்சம் கம்மி, ஆனா விழும். "நான் இவ்வளவு போட்டு வாங்கினேன்"ங்கிறது வாங்க வர்றவருக்கு ஒரு பொருட்டே இல்ல. இந்தக் காசுக்கு வேற என்ன கிடைக்கும்னுதான் அவர் பாப்பார்.

சரி, நிஜமா வித்த விலை எங்க கிடைக்கும்? மெக்கானிக்கிட்ட. ஊர்ல எந்த வண்டி கைமாறினாலும் அதைப் பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போவாங்க. கோபியில மாமாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டோம். சமீபத்துல சுத்துவட்டாரத்துல இதே மாதிரி மூணு வண்டி போயிருக்கு. நல்ல கண்டிஷன்ல இருந்தது 2,90,000. என் அறுபது விளம்பரத்தை விட இந்த மூணு வண்டி பெருசு.

ஊரும் முக்கியம். வாழை, மஞ்சள், கரும்பு இருக்குற இடத்துல சின்ன வண்டிக்குத் தேவை இருக்கும். நெல்லு மட்டுமே போடுற ஊர்ல பெரிய வண்டியைத்தான் தேடுவாங்க. அதே வண்டிதான், ஆனா விலை வேற.

அடுத்தது மீட்டர். மாமா வண்டியில 1,900 மணி நேரம் காட்டுது. கார் கிலோமீட்டர் மாதிரி இதை நம்பிடாதீங்க. எஞ்சின் சுத்துறதை வெச்சு ஓடுற பழைய மெக்கானிக்கல் மீட்டர்ல, எஞ்சின் அதுக்குன்னு குறிச்ச வேகத்துல சுத்தினாத்தான் ஒரு மணிக்கு ஒரு மணி ஏறும். பாதி வேகத்துல ஓடினா அரை மணிதான் ஏறும். எலக்ட்ரானிக் மீட்டர்னா கடிகாரம் மாதிரி. அதனால ரெண்டு வண்டியில ஒரே நம்பர் இருந்தாலும் ஒரே உழைப்புன்னு அர்த்தம் இல்ல. கேபிளைக் கழட்டி விட்டு ஓட்டுறவங்களும் இருக்காங்க. கிளட்ச் பெடல் ரப்பர், சீட்டு, பின்னாடி பி.டி.ஓ. ஷாஃப்ட்டோட பல்லு, இதெல்லாம் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பார்த்து மீட்டரோட ஒத்துப் பாருங்க.

மணி நேரத்தை விட முக்கியமானது, எங்க ஓடுச்சுங்கிறது. காட்டுல மட்டும் ஓடினதா, இல்ல கேஜ் வீல் மாட்டி நெல்லு வயல்ல சேறு கலக்கினதா? சேத்துல ஓடின நாலு சக்கர இழுவை வண்டியில முன் ஆக்சில் ஹப் சீல் வழியா தண்ணியும் மண்ணும் உள்ள போகும். உள்ள இருக்குற பல்சக்கரம் பேரிங்கெல்லாம் அப்படித்தான் போகுது. மெக்கானிக் வந்ததும் முதல்ல குனிஞ்சது அங்கதான். லேசா ஆயில் கசிவு இருந்துச்சு. மாமாவே சொல்லிட்டார், ரெண்டு போகம் சேத்துல ஓட்டியிருக்கேன்னு.

அப்புறம் எஞ்சின் மேல கையை வெச்சுப் பார்த்தார். ஏன்னா விக்கிறவங்க நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருப்பாங்க. ஆறிப்போன எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பார்க்கணும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு வந்தா ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திட்டு எஞ்சினை அணைச்சார். மெதுவா இறங்க ஆரம்பிச்சுது. ஹைட்ராலிக்ல வேலை இருக்கு.

கணக்கு இதுதான்: பின் டயர் ரெண்டும் மாத்த 20,000. ஹப் சீலும் ஹைட்ராலிக்கும் சேர்த்து 15,000. 2,90,000-ல 35,000 போனா 2,55,000. டயர் மாத்திட்டு வித்தா என்னன்னு கேட்டேன். போட்ட காசு அப்படியே திரும்பாதுன்னார். புது பெயிண்ட் அடிச்சா அதை விட மோசம், எதை மறைக்கிறாங்கன்னு வர்றவர் தேடுவார். நல்லா கழுவி, கிரீஸ் அடிச்சு நிறுத்தினா போதும்.

அப்போ டீலர் சொன்ன 2,75,000 நல்ல விலைதானே? இங்கதான் நான் எனக்குத் தெரிஞ்ச ஒரே உருப்படியான வேலையைப் பண்ணினேன். அதே டீலர்கிட்ட இன்னொரு நாள் போன் பண்ணி, எக்ஸ்சேஞ்ச் பேச்சையே எடுக்காம, புது வண்டி மட்டும் ரொக்கத்துக்கு என்ன விலைன்னு கேட்டேன். 6,05,000. மாமாவுக்கு எழுதிக் கொடுத்த கொட்டேஷன்ல 6,40,000. அதுல 2,75,000 கழிச்சா அவர் கட்ட வேண்டியது 3,65,000. இப்ப 6,05,000-ல அந்த 3,65,000-ஐக் கழிங்க. பழைய வண்டிக்கு டீலர் நிஜமா தர்றது 2,40,000. மீதி 35,000 புது வண்டி விலையில ஏத்தி, நம்ம கையில திருப்பிக் கொடுக்குற காசு. டீலரைக் குத்தம் சொல்லல. அவர் பழசை வாங்கி, சரி பண்ணி, யார் தலையிலயாவது கட்டணும்ல. ஆனா புரோக்கரோட 2,50,000 மோசம்னு நினைச்சுட்டு இருந்தோமே, அது 10,000 கூட. ரோட்டவேட்டரையும் எக்ஸ்சேஞ்சுல சேர்த்துக் கேட்டாங்க, தனியா ஒரு ரூபாய் கூட போடல. அதைத் தனியா விக்கிறதா முடிவு பண்ணிட்டோம்.

வெளிய விக்கிறதுல பயம் ஒண்ணு இருக்கு. ஆர்.சி. யார் பேர்ல இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தா இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான்னு உச்ச நீதிமன்றம் 2018ல சொல்லியிருக்கு. வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுத்துட்டு வந்துட்டா, வண்டி நாலு கை மாறினாலும் நீங்கதான் மாட்டுவீங்க. படிவம் 29, 30 ரெண்டும் போட்டுப் பேர் மாத்தணும். கடன் இருந்திருந்தா பேங்க்ல இருந்து படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் வாங்கி ஆர்.சி.யில இருக்குற அடமானப் பதிவை நீக்கணும். மாமா கடனைக் கட்டி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு, ஆனா ஆர்.சி.யில பேங்க் பேரு அப்படியே இருந்துச்சு. அதை எடுக்கவே ரெண்டு வாரம் ஓடிடுச்சு.

கடைசியில பக்கத்துத் தோட்டத்துக்காரரே 2,60,000-க்கு எடுத்துக்கிட்டார். எட்டு வருஷமா அந்த வண்டி எங்க ஓடுச்சுன்னு வரப்புல நின்னு பார்த்தவர், ஆக்சிலைக் குனிஞ்சு கூட பார்க்கல. 2,50,000-ஐ அன்னிக்கே கொடுத்தார், மீதி 10,000 பேர் மாறினதும். மச்சான் மட்டும் இன்னும் மாமாகிட்ட சரியா பேசல.