எட்டு ஆண்டு காத்திருந்தார்!

பிரான்சு நாட்டு வானநூல் அறிஞர் லெ ஜாந்தீ. புதுச்சேரிக்கு வர 1760-ல் கப்பல் ஏறினார். எதற்கு?

வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே, கறுப்புப் பொட்டுப் போல் நகர்ந்து போகும். அது தொடங்கும் நொடியையும் முடியும் நொடியையும் குறிக்க வேண்டும். பல ஊர்களில் குறித்த நேரத்தை ஒப்பிட்டால், சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு விடலாம்!

வழியிலேயே சேதி வந்தது: புதுச்சேரி ஆங்கிலேயர் கையில்! கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6-ந் தேதி வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். கண்ணால் பார்த்தார். பயனில்லை. ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் சரியாக ஓடாதே!

பல்லும் கொக்கியும்

கிணற்றில் வாளியைக் கைவிட்டால் என்ன ஆகும்? உருளை கடகடவென்று சுற்றும். கடிகாரத்தில் தொங்கும் எடைக்கல்லும் அப்படித்தான் சக்கரங்களைச் சுற்றப் பார்க்கும். ஒரு கொக்கி குறுக்கே நின்று தடுக்கிறது. ஊசல் ஒவ்வொரு முறை ஆடும்போதும் கொக்கி விலகி, சக்கரத்தின் ஒரு பல்லை மட்டும் விடும். உடனே அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் "டிக், டிக்"! பல்லும் சும்மா போவதில்லை. போகிறபோது ஊசலை லேசாகத் தள்ளிவிட்டுப் போகும். அதனால்தான் ஊசல் ஓய்வதில்லை.

சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் எடைக்கல்லுக்குப் பதில் சுருள்வில். ஊசலுக்குப் பதில், மயிரிழை போன்ற வில்லோடு முன்னும் பின்னும் ஆடும் சின்னச் சக்கரம். அதனால் கையை வீசி நடந்தாலும் ஓடும்.

ஊசலின் நீளம்தான் அதன் வேகம். சுமார் ஒரு மீட்டர் நீள ஊசல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு நொடி ஆகும். இதிலும் ஒரு வேடிக்கை! பாரிசில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம், புதுச்சேரியில் நாளுக்குச் சுமார் இரண்டு நிமிஷம் பின்தங்கும். இங்கே பூமியின் இழுப்பு சற்றுக் குறைவு. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கினால் சரியாகிவிடும்.

மேகம் வந்தது

அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டு கழித்து. அதை விட்டால் நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். லெ ஜாந்தீ ஊர் திரும்பவில்லை. 1768-ல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டைப் பகுதியில் ஆராய்ச்சிக் கூடம் கட்டினார். மே மாதமெல்லாம் காலை வானம் தெளிவாக இருந்தது.

1769 ஜூன் 4. விடியற்காலையில் மேகம் மூடியது! வெள்ளி கடந்து முடிந்தது. பிறகுதான் சூரியன் பளிச்சென்று வந்தான். கடிகாரம் இருந்து என்ன, குறிக்க ஒன்றும் இல்லை.

1771-ல் மனிதர் பிரான்சுக்குத் திரும்பினார். அங்கே அவர் செத்துப்போனதாக முடிவு கட்டி, வாரிசுகள் சொத்தைப் பிரிக்க இறங்கியிருந்தார்கள்!