தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்?

சென்னைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "எந்த ஏரியாவுல வீடு பார்க்கலாம்?" ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மெட்ரோ ரயில் என்று தூரக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருப்பார்கள். நான் தண்ணீரில்தான் தொடங்குவேன். கோடையில் எப்படி வருகிறது, மழைக்காலத்தில் எப்படி வடிகிறது?

பட்டுத் தெரிந்துகொண்டது இது. 2015 மே மாதம் வேளச்சேரியில் தரைத்தளத்தில் வீடு பிடித்தோம். புது பெயிண்ட், நல்ல காற்று, வாசலில் புங்கமரம். புரோக்கர் கதவைத் திறந்ததுமே என் மனைவி சாமி படத்துக்கு இடம் பார்த்துவிட்டாள். டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். மகளின் பாடப்புத்தகங்கள் கட்டிலுக்கடியில் கிடந்ததை மறந்துபோனோம்.

தண்ணீர் வடிந்த பிறகு, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் தன் வண்டிக்குப் பின்னாலிருந்த காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். ஒன்றின்மேல் ஒன்றாகப் பழுப்புக் கோடுகள். "இது 2005 சார். இது 2008. மேல இருக்கு பாருங்க, அதுதான் இந்த வருஷம். மே மாசமே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிடலாம், தெருச் சுவருக்கு யார் அடிப்பார்கள்?

தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். 2022-இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம் அது. அதைச் சுற்றிக் குப்பையும் கட்டடங்களும் நெருக்கிவிட்டன. தண்ணீர் பழைய வழியைத் தேடி வருகிறது. நாம் அந்த வழியில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம். தி.நகரே ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்ததுதான். பக்கத்து மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. ஊர்ப்பெயர் 'தாங்கல்' என்று முடிந்தால் கொஞ்சம் நின்று விசாரியுங்கள். தாங்கல் என்றால் சிறு ஏரி.

வெள்ளம் ஒரு பக்கம் என்றால் வறட்சி இன்னொரு பக்கம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது, பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பி நின்றன. மெட்ரோ வாட்டர் லைன் உண்டா, போர் தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். கேட்பதோடு விடாமல் குழாயைத் திறந்து கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரை வராவிட்டால், குழாய் மூக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால், பதில் கிடைத்துவிட்டது.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள இடமும் கொடுக்கிறது. ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

இப்போது இருக்கும் வீட்டை ஒரு நவம்பர் மழையில் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். தெருவில் கணுக்கால் அளவுகூட நிற்கவில்லை. அங்கேயும் ஒரு இஸ்திரி வண்டி இருந்தது. "மழைக்கு ஒண்ணும் ஆகாது சார். ஆனா மே மாசம் லாரிதான், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். மறுநாள் அட்வான்ஸ் கொடுத்தோம். கூடவே நான்கு குடம் வாங்கினோம்.