முதுமையும் மயக்க மருந்தும்

அரசாங்கக் கடிதம் வந்தால் அதைப் பள்ளிக்கூடத்திற்கு எடுத்து வரும் வழக்கம் எங்கள் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் இன்னும் நின்றுவிடவில்லை. அப்படி ஒருநாள் வந்தவர், பால்மரம் வெட்டி ஓய்ந்த 74 வயதுப் பெரியவர். கிளினிக்கில் மலத்தைச் சோதித்ததில் கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் கலந்திருந்ததாகவும், சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்றும் கடிதம் கூறிற்று. "நான் போகமாட்டேன் சார். இந்த வயசுல மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்க மாட்டேன்" என்றார். அவர் அச்சம் முற்றிலும் பொய்யன்று, முற்றிலும் மெய்யுமன்று. ஆகவேதான் வைத்தியனல்லாத நான் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கு எழுதத் துணிந்தேன்.

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு, 50 முதல் 75 வயது வரை உள்ளவர்க்கான இம் மலச் சோதனையை 2014ஆம் ஆண்டில் அரசாங்கக் கிளினிக்குகளில் தொடங்கியது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, குடற்புற்று ஆண்களிடையே முதலிடத்திலும் பெண்களிடையே இரண்டாம் இடத்திலும் இருந்தது. இரத்தம் தெரிந்த பின்னும் குழாய்ப் பரிசோதனைக்குப் போகாதவர்க்கு முதற் சோதனையால் யாதொரு பயனும் இல்லை.

அறுவைச் சிகிச்சைக்குத் தரும் முழு மயக்கம் வேறு. இதற்குப் பெரும்பாலும் தருவது வேறு. குடலை விரிக்கக் காற்றைச் செலுத்தும்போதும், குழாய் வளைவுகளில் திரும்பும்போதும் வயிறு இழுத்து வலிக்கும். அதைத் தணிக்க, கூப்பிட்டால் கண் திறந்து பதில் சொல்லும் அரைத்தூக்கமே போதும். காற்றுக்குப் பதில் நீரைச் செலுத்திச் செய்தால் வலி குறையும் என்பதால், மருந்தே இல்லாமல் இதைச் செய்துகொள்வோரும் உண்டு. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள முதியவர், அந்த வழி தமக்கு ஆகுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

அரைத்தூக்கத்திற்கு வழக்கமான மருந்து மிடாசோலம். இளைஞனும் முதியவனும் எடையில் ஒத்திருக்கலாம், உடம்பு ஒன்றன்று. வயது ஏற ஏற உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. இம் மருந்தோ கொழுப்பில் தங்குவது. ஈரலும் அதை மெதுவாகவே சிதைக்கிறது. 60 வயதைக் கடந்தவர் உடலில், அதன் அளவு பாதியாகக் குறைவதற்கு நான்கு மடங்கு நேரம்வரை பிடிக்கலாம். எல்லாவற்றினும் பெரிய கண்ணி வேறொன்று. கை நரம்பில் ஏற்றிய மருந்து முதியவர் மூளையை எட்டத் தாமதமாகும். "இன்னும் தூங்கவில்லையே" என்று அவசரப்பட்டு அடுத்த ஊசியைப் போட்டால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில் மூச்சு தளர்ந்துவிடும். இக்காரணம் பற்றியே பிரிட்டிஷ் மருந்தேடு, இளையவர்க்கு 2 முதல் 2.5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்லும் இம் மருந்தை முதியவர்க்கு அரை அல்லது ஒரு மில்லிகிராமில் தொடங்கி, காத்திருந்து, சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்கிறது. மொத்தம் 3.5 மில்லிகிராமைத் தாண்டுவது வழக்கமில்லை. இந்த எச்சரிக்கை எளிதில் வந்ததன்று. 1986இல் அமெரிக்காவில் இம் மருந்து விற்பனைக்கு வந்த புதிதில், அதன் வலிமை சரிவர உணரப்படாமல் மூச்சடங்கி இறந்தவர் பலர்.

வலிக்காக ஃபென்டனிலோ பெத்திடினோ உடன் சேரும்போது, மூச்சைத் தளர்த்தும் ஆற்றல் இரண்டின் கூட்டலுக்கும் மிஞ்சிவிடும்; அளவை மேலும் குறைக்கவேண்டும். சிறுநீரகம் பழுதானவர்க்குப் பெத்திடின் ஏற்றதன்று, அதன் கழிவு தேங்கி நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கலாம். நீரிழிவு மலிந்த நம் மக்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புரோபோஃபோல் என்பது மற்றொன்று. சோயா எண்ணெயில் கரைத்ததால் நம் பால்மரத்துப் பாலைப் போலவே வெளுத்திருக்கும். விரைவில் உறங்கவைக்கும், விரைவில் விழிக்கவும் விடும். ஆயினும் முதியவரின் இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும். அரைத்தூக்கத்திலிருந்து ஆழ்ந்த மயக்கத்திற்குச் சறுக்குவதும் எளிது. மிடாசோலத்திற்கு ஃபுளூமாசெனில் என்னும் மாற்று மருந்து உண்டு. இதற்கு மாற்றே இல்லை. எனவே, குழாயைப் பிடிப்பவர் அல்லாமல், மூச்சை மட்டும் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அருகிலிருக்கவேண்டும். 2020இல் அமெரிக்கா அனுமதித்த ரெமிமாசோலம் விரைவில் சிதைவது. மாற்று மருந்துக்கும் கட்டுப்படுவது. ஆனால் மருந்து புதிதா பழையதா என்பதைவிட, கொடுக்கும் கை பொறுமையுள்ளதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

விரலில் மாட்டும் கருவியைப் பலரும் அறிவர். ஜப்பானியர் தாக்குவோ அயோயாகி 1974இல் வெளியிட்ட தத்துவத்தில் அது இயங்குகிறது. மூக்கில் பிராணவாயு கொடுத்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு தளர்ந்த பின்னும் அக் கருவி சிறிது நேரம் நல்ல எண்ணையே காட்டும். கரிய மேனியரிடம் எண்ணைச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் தெரிந்தது. வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கருவி முன்னதாகவே எச்சரிக்கும்.

நோயாளி செய்யவேண்டியதும் உண்டு. வயிற்றைக் கழுவும் மருந்தால் நீர் வற்றிய உடம்பில் அழுத்தம் மேலும் இறங்குமாதலால், அனுமதித்த நேரம்வரை சொன்ன அளவு நீர் அருந்தவேண்டும். பட்டினி நாளில் நீரிழிவு மாத்திரையை என்ன செய்வதென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பலத்த குறட்டை, சாராயப் பழக்கம், தூக்க மாத்திரை இவற்றுள் ஒன்றையும் மறைக்கலாகாது.

நம் பெரியவர் மறைத்தார். தாதி மலாயில் கேட்டதற்கு எல்லாம் "தாடா" என்றே பதில் சொன்னார். நான் தமிழில் மறுபடி கேட்டபோதுதான், கடையில் வாங்கி இரவில் போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். தாதி அதை டாக்டரிடம் காட்டினார். மருந்தின் அளவைக் குறைத்தார்கள். குடலில் சுண்டுவிரல் நுனியளவு இருந்த சதை முளையைக் குழாய் வழியாகவே அகற்றியும் விட்டார்கள்.

மிடாசோலம் நடந்ததை மறக்கவும் செய்யும். காரில் திரும்பும்போது லாபு தாண்டியதும் பெரியவர் கேட்டார்: "சார், எப்போ ஆரம்பிப்பாங்க?"