பழைய சிறு பிக்-அப் வாங்கும் முன்: விலையைவிட முக்கியம் இருக்கையும் எடையும்

புதுதில்லி: வார நாட்களில் சரக்கு ஏற்றவும், விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் வெளியூர் சென்று வரவும் ஒரே வண்டி போதும் என்ற எண்ணத்துடன் பழைய வாகனச் சந்தையை நாடும் சிறு வணிகர்கள் நாடெங்கும் உள்ளனர். காய்கறி வியாபாரி, பால் முகவர், தச்சர், சமையல் ஒப்பந்ததாரர் எனப் பலருக்கும் இது வாழ்வாதாரத் தேவை. அவர்கள் முதலில் கேட்பது விலையை. ஆனால், அந்த வண்டி தங்களுக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்வது, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் உள்ள இரு விவரங்களே: இருக்கைகளின் எண்ணிக்கை, வண்டியின் எடை.

சரக்குத் தட்டு இருக்கை அல்ல

2005-ஆம் ஆண்டு அறிமுகமான டாடா ஏஸ், தமிழகத்தில் 'குட்டி யானை' என்றும் வட மாநிலங்களில் 'சோட்டா ஹாத்தி' என்றும் பெயர் பெற்றது. அதைத் தொடர்ந்து அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா ஜீட்டோ, மாருதி சுஸுகி சூப்பர் கேரி உள்ளிட்ட பல வண்டிகள் வந்தன. சரக்கு ஏற்றுவதற்கென்றே உருவான இவற்றின் முன்பகுதியில் ஓட்டுநருடன் ஓரிருவர் மட்டுமே அமர முடியும். எனவே நால்வர் கொண்ட குடும்பம் புறப்படும்போது, பிள்ளைகள் பின்னால் தட்டில் ஏறும் நிலை உருவாகிறது.

இதில் உயிர் அபாயத்துடன் சட்டச் சிக்கலும் உண்டு. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 147-ஆவது பிரிவு, சரக்கு வாகனத்தில் செல்லும் சரக்கின் உரிமையாளருக்கும் அவரது பிரதிநிதிக்கும் காப்பீட்டுப் பாதுகாப்பை அளிக்கிறது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லப்படும் பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

அதாவது, தனது மரச்சாமான்களுடன் செல்லும் வியாபாரிக்குப் பாதுகாப்பு உண்டு. அதே வண்டியின் தட்டில் திருமணத்திற்குச் செல்லும் உறவினர்களுக்கு இல்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு உரிமையாளரின் பொறுப்பாகிவிடும். சில வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் முதலில் தொகையைச் செலுத்திவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. அப்போதும் இறுதிச் சுமை உரிமையாளருக்கே.

மூன்று வழிகள்

குடும்பமும் தொழிலும் ஒரே வண்டியில் என்றால், இரட்டை வரிசை இருக்கை கொண்ட பிக்-அப் முதல் வழி. மஹிந்திரா பொலேரோ கேம்பர், டாடா யோதா க்ரூ கேப் ஆகியவை இவ்வகையின. ஐவர் அமரலாம், ஆனால் தட்டின் நீளம் குறைவு, விலையும் சிறு சரக்கு வண்டிகளைவிட அதிகம்.

ஏற்றுவது கருவிப் பெட்டியும் சில மூட்டைகளும் மட்டுமே எனில், மாருதி ஈகோ போன்ற ஐந்து இருக்கை வேன் போதுமானது. எனினும், வெள்ளை எண் பலகை கொண்ட சொந்தப் பயன்பாட்டு வாகனத்தை வாடகைச் சரக்கிற்குப் பயன்படுத்தக் கூடாது.

நாள்தோறும் அரை டன்னுக்கு மேல் ஏற்றுவோருக்கு மூன்றாவது வழியே சிக்கனமானது. தொழிலுக்கு மலிவான சிறு சரக்கு வண்டியை வாங்கிக்கொண்டு, குடும்பப் பயணத்திற்குப் பேருந்தையோ வாடகைக் காரையோ நாடலாம். ஆண்டில் எத்தனை நாட்கள் குடும்பத்துடன் செல்கிறோம் என எண்ணிப் பார்த்தால் விடை தெளிவாகும்.

எடைக் கணக்கு

ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் கிடைப்பதே வண்டி சுமக்கக்கூடிய அளவு. எடுத்துக்காட்டாக, மொத்த எடை 1,600 கிலோ, வெற்று எடை 860 கிலோ எனில், 740 கிலோ ஏற்றலாம். வண்டியில் அமர்வோரின் எடையும் இதற்குள் அடங்கும். இந்த வரம்பை மீறினால் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு வகை செய்கிறது.

மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனங்களுக்கு பெர்மிட் தேவையில்லை. ஏஸ், சூப்பர் கேரி போன்றவை இந்த வரம்புக்குள் அடங்கும். ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றும் பெரிய பிக்-அப்கள் வரம்பைத் தாண்டக்கூடும்.

இலகுரக வாகன உரிமம் வைத்திருப்போர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனங்களையும் ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ஆம் தேதி உறுதி செய்தது குறிப்பிடத்தக்கது.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை

முன்பணம் கொடுக்கும் முன், பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைச் சரிபார்ப்பது அவசியம். வரி, காப்பீடு, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, புகைச் சான்று ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும், நிலுவை அபராதங்களையும் அறியலாம். எட்டு ஆண்டுகள் வரையிலான சரக்கு வாகனங்களுக்கு எஃப்.சி. இரண்டு ஆண்டுகளுக்கும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஓராண்டுக்கும் வழங்கப்படுகிறது. எனவே எட்டு வயதைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் பழுதுநீக்கச் செலவும் வேலையிழப்பும் உண்டு.

கடனில் வாங்கிய வண்டி எனில், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் தேவை. பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 உரியவை. வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தொடர்ந்தாலும், சொந்த வண்டியின் சேதத்திற்கு இழப்பீடு கிடைப்பது சிக்கலாகும்.

வண்டியைப் பார்க்கும் முறை

சரக்கு வண்டியின் வயதை மீட்டர் முழுமையாகச் சொல்லாது. அது சுமந்த பாரத்தைச் சட்டகமே சொல்லும். வண்டிக்கு அடியில் சென்று, சேஸிஸில் விரிசலோ புதிய வெல்டிங்கோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பின்புற லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதன் அடையாளமாக அதைக் கொள்ளலாம். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது, அலைன்மென்ட் கோளாறையோ சட்டகம் வளைந்திருப்பதையோ உணர்த்தும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்கிப் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது எனப் பொருள். பாரம் ஏற்றிய நிலையில் ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தால் கிளட்ச், கியர், பிரேக் ஆகியவற்றின் உண்மை நிலை தெரியவரும். எஞ்சின், சேஸிஸ் எண்கள் ஆர்.சி.யுடன் பொருந்த வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வது வீண் செலவு ஆகாது.

எரிபொருளும் மொத்தச் செலவும்

நாடு முழுவதும் பி.எஸ்.-6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. புகைத்தூள் வடிகட்டி கொண்ட டீசல் வண்டிகள், நகருக்குள் குறைந்த தூரம் மட்டுமே ஓடினால் அடைப்புக்கு உள்ளாகலாம். அத்தகைய ஓட்டத்திற்குப் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. ஏற்றது. சி.என்.ஜி. உருளைக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம். பின்னர் பொருத்திய கிட் எனில், அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

விலை பேசும்போது புதிய வண்டியின் விலையையும் கேட்டறிவது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலையை அடிப்படையாகக் கொண்டு கேட்கப்படும் தொகையை ஏற்க வேண்டியதில்லை. வண்டி விலையுடன் டயர், காப்பீடு, எஃப்.சி. செலவு, கடன் வட்டி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், பழைய வண்டி உண்மையில் எவ்வளவு மலிவு என்பது புலப்படும். அந்தக் கணக்கு சரியாக வந்தாலும், ஆர்.சி.யில் உள்ள இருக்கைகள் குடும்பத்திற்குப் போதவில்லை எனில், வேறு வண்டியைத் தேடுவதே பாதுகாப்பானது.