புற்றுநோய்ச் சிகிச்சை: முன்பணம் கட்டுமுன்

புற்றுநோய் என்று மருத்துவர் உரைத்ததும் வீட்டார் முதலில் ஓடுவது பெரும்பாலும் அடகுக்கடைக்கே. முதல் இரண்டு சுற்றுக் கீமோதெரபியிலேயே கையிருப்பனைத்தையும் இறைத்துவிட்டு, நான்காம் சுற்றில் சிகிச்சையை நிறுத்திவிடும் குடும்பங்களை நம் பங்குகளில் காண்கிறோம். ஆதலின் நகையை எடுக்குமுன், நமக்குள்ள காப்பீடு யாது என அமர்ந்து ஆராய்தல் நன்று. இதற்கு அரைநாள் போதும்.

தமிழகத்தில் 2009-இல் கலைஞர் பெயரால் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறும் அரசுத் திட்டத்தைப் பலர் அறிந்தும் பயன்படுத்துவதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் உதவி உண்டு. அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியன அடங்கும். நோய் கண்டபின்னும் சேரலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்தை அணுகுக. ஆயினும் சிகிச்சைக்கு முன்னரே மருத்துவமனை அனுமதி பெறவேண்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் கேட்பதற்கு இத்திட்டம் அமைந்ததன்று.

தனியார் பாலிசி வைத்திருப்போர் அறைவாடகை வரம்பை முதலில் நோக்குக. நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வரம்பிருக்க, 8,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் வாடகை மட்டுமன்றி, மருத்துவர் கட்டணம் முதலியவற்றிலும் பாதி வெட்டப்படலாம். வசதியான அறை என்று உறவினர் வற்புறுத்துவதற்கு இணங்காதீர்கள்! நோயை மறைத்துப் புதிய பாலிசி எடுப்பதும் வீண். உண்மை வெளிப்பட்டால் கோரிக்கை தள்ளப்படும்.

கீமோதெரபிக்குக் காலையில் சென்று மாலையில் திரும்பினும் காப்பீடு உண்டு. ஆனால் ஒவ்வொரு சுற்றும் தனிக் கோரிக்கை. ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். சிகிச்சை ஓராண்டைக் கடந்து நீள்வதுண்டு. ஆகவே பாலிசியைப் புதுப்பிக்கும் நாளைத் தவறவிடலாகாது. முன்பு பணம் பெற்றார் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்க நிறுவனத்திற்கு உரிமையில்லை.

திசுப் பரிசோதனை அறிக்கை, மருத்துவர் சீட்டுகள், ரசீதுகள் யாவற்றையும் வீட்டில் ஒருவரே பொறுப்பேற்று ஒரே கோப்பில் வைத்தல் வேண்டும். அப்பொறுப்பை நோயாளியின்மேல் சுமத்தாதீர்கள். மொத்தத் தொகை மட்டும் காட்டும் பில்லை ஏற்காமல், இனவாரியான பில்லைக் கேட்டு வாங்குக.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுக. முப்பது நாளில் தக்க விடை வராவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அவரது அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.